இருக்கிற வீட்டை முதலில் வரையுங்கள்

ஒரு வீட்டுக்குப் பின்னால் இன்னோர் அறை எடுக்க வேண்டும், அதற்கான வரைபடத்தைக் கணினியில் நானே போட வேண்டும் என்று வருகிறவர்களில் பலர் முதல் நாளே அந்தப் புது அறையை வரைய உட்கார்ந்துவிடுகிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு என்று ஒரு செவ்வகம், ஒரு கதவு, ஒரு ஜன்னல். அரை மணி நேரத்தில் திரையில் அழகாக நிற்கிறது. அந்த அறை எந்தச் சுவரில் போய் ஒட்டப்போகிறது என்பது மட்டும் அதில் இல்லை. புது வீட்டுக்கு வெற்று மனையில் கோடு போடுவதும், நிற்கிற வீட்டோடு ஓர் அறையைச் சேர்ப்பதும் வேறு வேறு வேலைகள். இரண்டாவதில் பாதிக்கு மேல் பழைய வீட்டைப் பற்றிய வேலை. அதனால் இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி டேப்பைப் பற்றியும் பழைய சுவரைப் பற்றியும்தான் பேசும். மென்பொருள் அதற்குப் பிறகு வரும்.

இதை ஒரு மாதிரி வீட்டை வைத்தே பார்ப்போம். மனை 30 அடிக்கு 60 அடி, அதாவது 9144 மில்லிமீட்டருக்கு 18288. வீடு தரைத்தளம் மட்டும். வெளி அளவு 7300 அகலம், 9000 நீளம். முன்னால் 3000 விட்டுக் கட்டியிருக்கிறார்கள். பின்னால் 6288 காலியாக இருக்கிறது. பின்சுவரின் இடது பக்கம் சமையலறை, வலது பக்கம் ஹால். ஹாலின் பின்சுவரில் ஒரு ஜன்னல் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு ஹாலை ஒட்டிப் பின்பக்கம் ஒரு படுக்கையறையும் அதோடு ஒரு குளியலறையும் வேண்டும்.

அளவெடுப்பது

கையில் இருக்க வேண்டியவை: 30 மீட்டர் டேப் ஒன்று, 5 மீட்டர் ஸ்டீல் டேப் ஒன்று, தூக்குக்குண்டு, டியூப் லெவல், அட்டையில் கிளிப் போட்ட வெள்ளைத்தாள், பென்சில். லேசர் மீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் வேலை நிற்காது. துணைக்கு ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். டேப்பின் மறுமுனையை ஆணியில் மாட்டி அளந்தால் நடுவில் தொய்வு விழும், அளவு கூடிப் போகும்.

முதலில் தாளில் வீட்டைக் கையால் உத்தேசமாக வரைந்துகொள்ளுங்கள். அதன்மேல்தான் அளவுகளை எழுதப்போகிறீர்கள். அளவில்லாத அந்தப் படம் பெரிதாக இருக்கட்டும்; ஓர் அறைக்கு ஒரு தாள் என்றாலும் தவறில்லை.

ஒரு சுவரை அளக்கும்போது துண்டு துண்டாக அளக்காதீர்கள். மூலையிலிருந்து ஜன்னல் வரை ஓர் அளவு, ஜன்னல் அகலம் ஓர் அளவு, ஜன்னலிலிருந்து கதவு வரை ஓர் அளவு என்று எடுத்தால் ஒவ்வொன்றிலும் அரை சென்டிமீட்டர் நழுவி, கடைசியில் எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் பிசகும். டேப்பின் பூஜ்ஜியத்தை ஒரு மூலையில் வைத்து, டேப்பை எடுக்காமல் சுவர் முழுக்க ஓட்டி, ஜன்னல் தொடங்கும் இடம், முடியும் இடம், கதவு தொடங்கும் இடம், முடியும் இடம், மறுமூலை என்று வரிசையாகப் படியுங்கள். ஒவ்வொரு எண்ணும் அதே மூலையிலிருந்து வந்ததாக இருக்கும். பிசகு சேராது.

அடுத்தது மூலைக்கு மூலை. இந்த அளவை எடுக்காதவர் அளவெடுக்கவே இல்லை என்றுதான் நான் சொல்வேன். ஓர் அறை உள்ளே 3000-க்கு 3600 இருந்து, நான்கு மூலையும் சரியான மூலைமட்டத்தில் இருந்தால், மூலைக்கு மூலை 4686 வர வேண்டும். இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒன்று 4655, இன்னொன்று 4717 என்று வந்தால் அறை இணைகரமாகச் சாய்ந்து நிற்கிறது என்று பொருள். நூல் பிடித்துக் கட்டிய வீடுகளிலும் இது சாதாரணம். கொத்தனார் மீது குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. மனையே கோணலாக இருந்து, வீட்டை மனைக்கோட்டுக்கு இணையாகக் கட்டியிருக்கலாம். ஆனால் கோணல் இருக்கிறது என்பது உங்கள் தாளில் பதிவாக வேண்டும்.

சுவரின் கனத்தைக் கதவு நிலை இருக்கும் இடத்தில் அளக்காதீர்கள். ஜன்னல் ஓரத்தில் அளந்து பாருங்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் என்பது 230. இரண்டு பக்கமும் பூச்சு சேர்ந்தால் கையில் கிடைப்பது 255, 260 என்று இருக்கும். பழைய வீட்டில் நீங்கள் அளப்பதெல்லாம் பூச்சோடு சேர்ந்த அளவு. புது அறைக்கு நீங்கள் எழுதப்போவது செங்கல் அளவு. இந்த இரண்டும் ஒரே படத்தில் கலக்கும். ஆகவே படத்தின் ஓரத்தில் ‘பழைய சுவர்கள் பூச்சுடன், புதிய சுவர்கள் பூச்சு நீங்கலாக’ என்று ஒரு குறிப்பு எழுதிவிடுங்கள். செங்கலுக்குச் செங்கல் 3600 என்று வரைந்த அறையில் இருபுறமும் 12 மில்லிமீட்டர் பூசிய பிறகு கிடைப்பது 3576. ஆறடி அலமாரிக்கு இது ஒரு பொருட்டில்லை. சுவரோடு சுவராகக் கச்சிதமாகப் பதிக்கும் அலமாரிக்கு ஆசாரி இந்த 24 மில்லிமீட்டரைத்தான் கேட்பார்.

மட்டமும் அளவுதான். டியூப் லெவலில் தண்ணீர் நிரப்பி, வீட்டின் உள்ளும் வெளியும் ஒரே மட்டத்தில் பென்சில் கோடு போட்டு வாருங்கள். அந்தக் கோட்டிலிருந்து ஹால் தரை எவ்வளவு கீழே, பின்பக்க மண்தரை எவ்வளவு கீழே, லிண்டல் அடி எவ்வளவு மேலே, சிலாப் அடி எவ்வளவு மேலே என்று குறியுங்கள். ஹால் தரையைப் பூஜ்ஜியமாக வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் அதற்கு மேலே, கீழே என்று வந்துவிடும். பின்பக்கம் மண் சரிவாக இருந்தால் புது அறையின் பேஸ்மென்ட் ஒரு முனையில் இரண்டடியும் மறுமுனையில் மூன்றடியும் வரலாம். அதற்கான செங்கலும் நிரப்புமண்ணும் மதிப்பீட்டில் சேர வேண்டியவை.

கண்ணில் படாதவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். செப்டிக் டேங்க் எங்கே? அதன் மூடி தெரிந்தாலும் தொட்டியின் விளிம்பு எதுவரை ஓடுகிறது? போர் எங்கே? சம்ப் எங்கே? குளியலறைக் கழிவுநீர் எந்தப் பக்கமாகப் போகிறது? மாடியின் மழைத்தண்ணீர் பைப் எத்தனை, எங்கே விழுகிறது? வீட்டுக்கு வரும் மின்கம்பி எந்தப் பக்கம்? வீட்டுக்காரருக்கே மறந்திருந்தால் பிளம்பரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். நம் மாதிரி வீட்டில் செப்டிக் டேங்க் பின்மதிலிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளித் தொடங்கி வீட்டை நோக்கி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இது பின்னால் வேலையைக் காட்டும்.

பழைய அனுமதி வரைபடம் வீட்டுக்காரரிடம் இருந்தால் வாங்கிப் பாருங்கள், ஆனால் அதிலிருந்து ஓர் அளவையும் எடுக்காதீர்கள். அனுமதி வாங்கியது ஒன்று, கட்டியது ஒன்று என்பது எல்லா ஊரிலும் உண்டு. பத்திரம், பட்டா, புலப்படம் ஆகியவற்றில் உள்ள மனை அளவை நீங்கள் அளந்ததோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் அதை உங்கள் படத்தில் சரிசெய்ய முயலாதீர்கள். அது சர்வேயர் தீர்க்க வேண்டிய விஷயம். தீரும்வரை வரைவதை நிறுத்திவைப்பதே முறை.

எந்த மென்பொருள்

இதில் நிறையப் பேசத் தேவையில்லை. ஆட்டோகேட் 1982-இல் வந்தது. நம் ஊர்களில் ஐடிஐ, பாலிடெக்னிக், தனியார் பயிற்சி நிலையம் எல்லாவற்றிலும் பழக்குவது பெரும்பாலும் அதைத்தான். மாணவராக இருந்தால் கல்வி உரிமம் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் அதை வைத்துக் கூலிக்கு வேலை செய்யக் கூடாது. சந்தா கட்ட முடியாதவர்களுக்கு லிப்ரேகேட் இருக்கிறது. முற்றிலும் இலவசம், சிறிய கணினியிலும் ஓடும், இருபரிமாண வரைபடத்துக்கு நமக்கு வேண்டியது எல்லாம் அதில் உண்டு. அது சேமிப்பது டிஎக்ஸ்எஃப் கோப்பாக. ஆட்டோகேட் அதைத் திறக்கும். பூட்டு உடைத்த பிரதியை யாராவது பென்டிரைவில் தந்தால் வாங்காதீர்கள். அது திருட்டு, அதோடு வரும் வைரஸ் உங்கள் ஓராண்டு வேலையைக் கொண்டுபோய்விடும்.

கட்டளைகளை அகரவரிசையில் மனப்பாடம் செய்ய வேண்டாம். லைன், ஆஃப்செட், ட்ரிம், எக்ஸ்டெண்ட், ஃபில்லட், மூவ், காப்பி, மிரர், சர்க்கிள், ஹேட்ச், டைமென்ஷன், டெக்ஸ்ட், பிளாக், லேயர். ஒரு வீட்டின் விரிவாக்கப் படத்துக்கு இவை போதும். ஓஸ்னாப் எப்போதும் போட்டே இருக்கட்டும். கண்ணால் பார்த்து ஒரு கோட்டின் முனையை இன்னொன்றின் மேல் வைப்பது எந்தக் காலத்திலும் சேராது. பெரிதாக்கிப் பார்த்தால் இடைவெளி தெரியும், பிறகு ஹேட்ச் நிரம்பாது, பரப்பளவும் வராது.

அலகு ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதிலேயே நில்லுங்கள். மேஸ்திரிக்கு அடி அங்குலம் வேண்டும், அலுவலகத்துக்கு மீட்டர் வேண்டும். என் பரிந்துரை மில்லிமீட்டரில் வரைவது. ஓர் அடி 304.8 மில்லிமீட்டர். பத்தடியை 3000 என்று எழுதுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது, அது 3048. முப்பதடி மனையை 9000 என்று போட்டால் 144 மில்லிமீட்டர் நிலத்தைத் தாளிலேயே தொலைத்துவிட்டீர்கள். ஆட்டோகேடில் டைமென்ஷன் ஸ்டைலுக்குள் ஆல்டர்நேட் யூனிட்ஸ் என்று ஒரு பக்கம் உண்டு. அதை இயக்கிவிட்டால் ஒவ்வோர் அளவும் மில்லிமீட்டரில் வந்து, பக்கத்திலேயே அடி அங்குலத்திலும் வரும். ஒரே தாளை அலுவலகமும் மேஸ்திரியும் படிக்கலாம்.

கோணல் வீட்டைக் கோணலாகவே வரைவது

இப்போது கணினியின் முன் உட்காரலாம். எல்லாவற்றையும் மாடல் ஸ்பேஸில் முழு அளவில் வரையுங்கள். 7300 என்றால் 7300. அளவைச் சுருக்குவது தாளுக்குப் போகும்போதுதான்.

கற்றுக்கொள்பவர் பெரும்பாலும் ஆர்த்தோவைப் போட்டுக்கொண்டு நாலு சுவரையும் நேராக இழுக்கிறார். கடைசிக் கோடு முதல் கோட்டில் வந்து சேராது. 40 மில்லிமீட்டர் இடைவெளி நிற்கும். அந்த இடத்தில் கோட்டை இழுத்து ஒட்டவைக்கும் ஆசை வரும். அதைச் செய்யாதீர்கள். அந்த 40 மில்லிமீட்டர்தான் அந்த வீட்டைப் பற்றிய உண்மை. அதை அழித்தால், கட்டும் நாளில் புதுச் சுவர் பழைய சுவரோடு சேரும் இடத்தில் அது திரும்பி வரும், அப்போது செங்கலை உடைத்துத்தான் சரிசெய்ய முடியும்.

செய்ய வேண்டியது இது. ஒரு சுவரை மட்டும் அடிக்கோடாக எடுத்துக்கொண்டு, அதை அளந்த நீளத்தில் நேராக வரையுங்கள். அதன் இடது முனையை மையமாக வைத்து, இடப்பக்கச் சுவரின் நீளத்தை ஆரமாகக் கொண்டு ஒரு வட்டம். வலது முனையை மையமாக வைத்து, மூலைக்கு மூலை அளவை ஆரமாகக் கொண்டு இன்னொரு வட்டம். இரண்டும் வெட்டும் இடம் மூன்றாவது மூலை. அங்கிருந்தும் வலது முனையிலிருந்தும் மீதி இரு சுவர்களின் நீளத்துக்கு வட்டம் போட்டால் நான்காவது மூலை. நான்கு பக்கமும் ஒரு மூலைவிட்டமும் இருந்தால் நாற்கரம் அசையாமல் நின்றுவிடும். இரண்டாவது மூலைவிட்டத்தைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள்: கணினியில் அளந்து பார்க்கும்போது அது உங்கள் தாளில் இருக்கும் எண்ணோடு ஒரு சென்டிமீட்டருக்குள் ஒத்துவந்தால் சரி. வரவில்லையென்றால் ஏதோ ஓர் அளவு தப்பு. டேப்பை எடுத்துக்கொண்டு மறுபடியும் போக வேண்டியதுதான். மனையின் நான்கு மூலையையும் இதே முறையில் வரையுங்கள்.

உள் அறைகள் ஒவ்வொன்றையும் இப்படி வரைந்து, சுவர் கனத்தை இடையில் விட்டு அடுக்கிக்கொண்டு போனால் வீடு உருவாகும். வெளியே அளந்த 7300-ம் உள்ளே அறைகளும் சுவர்களும் கூட்டி வருவதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இது கடைசிச் சோதனை.

மூன்று வகைக் கோடுகள்

விரிவாக்க வரைபடத்தில் இருப்பது மூன்று வகைச் சுவர்கள்: இருப்பது, இடிப்பது, எழுப்புவது. படத்தைப் பார்க்கிறவர் எவருக்கும் ஒரு நொடிகூட இதில் குழப்பம் வரக் கூடாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இதற்கு வண்ணமே சொல்லியிருக்கிறார்கள். புதிதாகக் கட்டுவது சிவப்பில் நிரப்பி, இடிக்கப்போவது மஞ்சளில் ஹேட்ச் போட்டு, கழிவுநீர்க் குழாய் சிவப்புப் புள்ளிக்கோட்டில், தண்ணீர்க் குழாய் கறுப்பு மெல்லிய புள்ளிக்கோட்டில். மனை எல்லை தடித்த கறுப்பு. உங்கள் ஊர் அலுவலகம் வேறு வண்ணம் கேட்டால் அதைக் கொடுங்கள். யாரும் எதுவும் கேட்காவிட்டால் இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

கணினியில் இதைச் செய்யும் வழி லேயர். எல்லாக் கோட்டையும் ஒரே லேயரில் போட்டுவிட்டு வண்ணத்தை மட்டும் மாற்றுவது கெட்ட பழக்கம். இருப்பவற்றுக்கு ஒரு முன்னெழுத்து, இடிப்பவற்றுக்கு ஒன்று, புதியவற்றுக்கு ஒன்று வைத்து, ஒவ்வொன்றிலும் சுவர், கதவு ஜன்னல், குழாய் என்று பிரியுங்கள். லேயர் பெயர்கள் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக இருந்தால் எந்தக் கணினியிலும் திறக்கும். இப்படிப் பிரித்துவிட்டால் புதிய லேயர்களை அணைத்ததும் இன்றைய வீடு தெரியும். இடிக்கும் லேயரை அணைத்துப் புதியதை இயக்கினால் நாளைய வீடு. ஒரே கோப்பிலிருந்து இரண்டு தாளும் கிடைக்கும்.

தாளில் தமிழில் எழுத விரும்பினால் யூனிகோட் எழுத்துருவைப் பயன்படுத்துங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தால், அது இல்லாத கணினியில் ‘படுக்கையறை’ என்பது புரியாத ஆங்கில எழுத்துகளாக வந்து நிற்கும். ஆட்டோகேடின் எஸ்எச்எக்ஸ் எழுத்துருக்களில் தமிழ் வராது. விண்டோஸில் இருக்கும் லதா அல்லது நிர்மலாவைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

பழையதும் புதியதும் சேரும் இடம்

இனி மாதிரி வீட்டின் புது அறை. படுக்கையறை உள்ளே 3600-க்கு 3000. பரப்பு 10.8 சதுர மீட்டர். தேசிய விதித்தொகுப்பு வசிக்கும் அறைக்குக் குறைந்தது 9.5 சதுர மீட்டரும் 2.4 மீட்டர் அகலமும் கேட்கிறது; இது தேறும். வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் கடலோரப் பகுதிகளுக்குத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு வெளிக்காற்றுக்குத் திறந்திருக்க வேண்டும் என்கிறது. 10.8-ஐ ஆறால் வகுத்தால் 1.8. 1500-க்கு 1200 ஜன்னல் சரியாக 1.8 தருகிறது. அதை இடப்பக்கச் சுவரில் வையுங்கள். சமையலறைக்குப் பின்னால் இருக்கும் திறந்தவெளியைப் பார்த்து நிற்கும்.

அந்தத் திறந்தவெளி எப்படி மிஞ்சியது என்பதைக் கவனியுங்கள். அறையின் வெளி அகலம் 3600-ம் இரண்டு 230-ம் சேர்த்து 4060. வீட்டின் அகலம் 7300. மீதி 3240 சமையலறைக்குப் பின்னால் திறந்தே இருக்கிறது. வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் பின்பக்கம் முழுவதையும் அடைத்துவிடச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் சமையலறையின் ஒரே ஜன்னல் புது அறைக்குள் திறக்கும். தாளிப்பு நெடி முழுக்கப் படுக்கையறைக்குப் போகும். சமைக்கிறவர் பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டு புழுங்குவார். அவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் படத்தைக் காட்டுங்கள். விரிவாக்கப் பேச்சில் சமையலறையில் நிற்பவரின் குரல்தான் கடைசியாகக் கேட்கப்படுகிறது. படம் போடுகிறவர் அதை மாற்றலாம்.

ஹாலிலிருந்து புது அறைக்கு வழி எங்கே? புதிதாகச் சுவரை உடைக்காமல், ஹாலின் பின்சுவரில் இருக்கும் ஜன்னலையே கதவாக்குங்கள். அதன் மேலே லிண்டல் ஏற்கெனவே இருக்கிறது. ஜன்னலின் அகலத்துக்குள், கீழே இருக்கும் சுவரை மட்டும் தரைவரை எடுத்தால் போதும். அந்தச் சிறு பகுதிதான் உங்கள் படத்தில் மஞ்சள் ஹேட்ச். லிண்டல் அடி ஹால் தரையிலிருந்து 2100 இருக்கிறதா என்று உங்கள் மட்டக் கணக்கில் பாருங்கள். அதே ஜன்னலுக்கு வெளியே சன்ஷேட் நீட்டிக்கொண்டிருக்கும். புது அறைக்குள் தலைக்கு மேல் அது நிற்க முடியாது. அதையும் இடிப்பில் காட்ட வேண்டும். தரைத்திட்டத்தில் மட்டும் வரைகிறவர்கள் சன்ஷேட்டை மறந்துவிடுகிறார்கள், ஏனென்றால் அது தெரிவது வெட்டுத்தோற்றத்தில்தான்.

ஆகவே செக்ஷன் இல்லாமல் விரிவாக்கப் படம் முடியாது. பழைய ஹாலையும் புது அறையையும் சேர்த்து வெட்டும்படி ஒரு கோடு போட்டு, அதை வரையுங்கள். பழைய தரை, புதிய தரை, குளியலறைத் தரையின் இறக்கம், மண்மட்டம், லிண்டல், பழைய சிலாப், புதிய சிலாப், கைப்பிடிச்சுவர் எல்லாம் ஒரே படத்தில் வரும்போதுதான் கேள்விகள் எழும். பழைய மாடியின் மழைத்தண்ணீர் பைப் பின்பக்கம் விழுந்துகொண்டிருந்தது. இனி அது புதுச் சிலாப்பின் மேல் விழுமா? வாட்டத்தை எந்தப் பக்கம் திருப்புவது? புதுச் சிலாப் பழையதைவிடத் தாழ்வாக இருந்தால், பழைய சுவரும் புதுச் சிலாப்பும் சேரும் மூலையில் தண்ணீர் தேங்காமல் என்ன செய்வது? விரிவாக்க வீடுகளில் ஒழுகுவது பெரும்பாலும் இந்த மூலையில்தான். அதைத் தனியாகப் பெரிதாக்கி 1:10 அளவில் வரைந்து கொடுங்கள்.

புது அறை பழைய பின்சுவரைத் தன் சுவராகப் பயன்படுத்துமா, தனக்கென்று ஒரு சுவர் எழுப்பிக்கொள்ளுமா என்பதை நீங்கள் முடிவு செய்யக் கூடாது. பழைய வீடு பல ஆண்டுகளாக மண்ணில் அமர்ந்து நிலைபெற்றுவிட்டது. புது அஸ்திவாரம் இனிமேல்தான் அமரும். இரண்டையும் இறுகப் பிணைத்தால் சேரும் இடத்தில் விரிசல் விடும் வாய்ப்பு அதிகம். பழைய ஃபுட்டிங்கை ஒட்டி எவ்வளவு ஆழம் தோண்டலாம் என்பதும் ஆபத்தான கேள்வி. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் படத்தைக் கொடுத்துக் கேளுங்கள். அவர் சொல்வது உங்கள் எண்களை மாற்றும். பழைய சுவரைப் பகிர்ந்தால் அறை 3000, இடைச்சுவர் 115, குளியலறை 1500, பின்சுவர் 230, மொத்தம் 4845. பின்மதில்வரை மிஞ்சுவது 1443. அவர் தனிச்சுவரும் 25 மில்லிமீட்டர் இடைவெளியும் கேட்டால் 255 கூடி 5100 ஆகும். மிஞ்சுவது 1188. உங்கள் சாலை அகலத்துக்கும் மனைக்கும் எவ்வளவு பின்னிடைவெளி விட வேண்டும் என்பதைப் பொறுத்து, இந்தப் பத்து அங்குலத்தில் அனுமதி கிடைப்பதும் மறுக்கப்படுவதும் இருக்கலாம்.

இரண்டில் எதை எடுத்தாலும், மதிலிலிருந்து இரண்டு மீட்டரில் தொடங்கும் செப்டிக் டேங்க் புதுக் குளியலறைக்கு அடியில் வந்துவிடுகிறது. பழைய வீட்டை முழுமையாக வரைந்திருந்ததால் இது தாளிலேயே தெரிந்துவிட்டது. தொட்டியை இடம் மாற்றுவதா, குளியலறையை வேறு பக்கம் திருப்புவதா, அறையின் ஆழத்தைக் குறைப்பதா என்று இப்போது செலவில்லாமல் யோசிக்கலாம்.

தாளுக்குக் கொண்டுவருவது

லேஅவுட்டுக்குப் போய், வியூபோர்ட் திறந்து, அளவை 1:100 என்று பூட்டுங்கள். நம் மனை 1:100-இல் 91-க்கு 183 மில்லிமீட்டர் இடம் பிடிக்கும், ஏ3 தாளில் தாராளமாக அமரும். மேஸ்திரிக்கு 1:50 கொடுக்க விரும்பினால் 183-க்கு 366 ஆகும்; அளவுகளுக்கும் தலைப்புக் கட்டத்துக்கும் இடம் வேண்டுமென்றால் ஏ2 எடுங்கள். எழுத்து தாளில் 2.5 மில்லிமீட்டர் உயரம் வர வேண்டும் என்றால், மாடல் ஸ்பேஸில் 1:100-க்கு 250, 1:50-க்கு 125. வெட்டுப்பட்ட சுவர்க்கோடு 0.5, மற்றவை 0.25, அளவுக்கோடு 0.18 என்று கனம் வைத்தால் படம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினால், அவர் ‘ஃபிட்’ போட்டு அச்சிடுவார். அளவு போய்விடும். ஆக்சுவல் சைஸில் போடச் சொல்லுங்கள். வந்த தாளில் ஸ்கேலை வைத்து அறையின் 3000 சரியாக 30 மில்லிமீட்டர் வருகிறதா என்று அங்கேயே பாருங்கள். படத்தின் அடியில் அளவுக்கோல் ஒன்று வரைந்துவிட்டால், தாள் சுருங்கினாலும் கணக்குப் போட வழி இருக்கும். வடக்கு, தேதி, திருத்த எண் இந்த மூன்றும் இல்லாத தாளை வெளியே விடாதீர்கள். திருத்தம் வந்ததும் பழைய பிரதிகளைத் தளத்திலிருந்து திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள்.

அனுமதியைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் நடைமுறையில் இருக்கின்றன. 2500 சதுர அடிக்கு மிகாத மனையில், 3500 சதுர அடிக்கு மிகாமல், தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு தளமோ கட்டும் வீடுகளுக்கு 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. அதில் அனுமதி விரைவாகக் கிடைக்கும், ஆனால் படத்தில் இருக்கும் ஒவ்வோர் எண்ணுக்கும் பொறுப்பு உங்கள் பக்கம் வந்துவிட்டது. பழைய பகுதி எப்போது, எந்த அனுமதியில் கட்டப்பட்டது என்பதையும் உங்கள் விரிவாக்கம் அந்த வரம்புக்குள் வருகிறதா என்பதையும் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொண்டு விண்ணப்பியுங்கள்.

முழுப் படமும் முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு இன்னொரு முறை போங்கள். கண்ணை மூடிக்கொண்டு படத்தில் ஏதாவது ஐந்து அளவுகளைத் தொட்டு, அவற்றை டேப்பால் அளந்து பாருங்கள். ஐந்தும் ஒத்துவந்தால் இன்ஜினியரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். அந்தக் கையெழுத்து வரும்வரை, வீட்டுக்காரர் எவ்வளவு அவசரப்பட்டாலும், உங்கள் படத்தை வைத்து ஒரு கூடை மண்கூடத் தோண்ட விடாதீர்கள்.